திருப்பித் தருவார்கள் என்று தெரிந்த கடனுக்கே சந்தை ஏன் பதறுகிறது?

புதுக்கணக்கு எழுதியது:

கடன் பத்திர ஃபண்டு ஒன்றில் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அரசுப் பத்திரம், மீதி பெரிய கம்பெனிகளின் பாண்டு. "முதலுக்கு மோசம் வராது" என்று சொல்லித்தான் போட வைத்தார்கள். அரசும் தவணை தவறவில்லை, கம்பெனிகளும் தவறவில்லை. ஆனாலும் ஃபண்டின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறது. காரணம் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: அரசு ஏராளமாகக் கடன் வாங்குகிறது, கம்பெனிகளும் முண்டியடிக்கின்றன, அதனால் பாண்டு சந்தை கலங்குகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். கடன் வாங்குகிறவன் நாணயமானவன், சொன்ன தேதியில் தந்துவிடுவான். அவன் வேறு யாரிடமோ மேலும் கடன் வாங்கினால், என் கையில் ஏற்கெனவே இருக்கும் பத்திரத்தின் விலை ஏன் விழ வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள். சுருக்கிச் சொன்னால் இன்னும் குழம்பிவிடுவேன்.

சும்மாவந்தவன் எழுதியது:

பத்திரத்தில் வட்டி எழுதியிருக்கும், முதிர்வுத் தேதி எழுதியிருக்கும். நடுவில் என்ன விலைக்குப் போகும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. தொடருங்கள், ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

ஏலக்கூடம் எழுதியது:

புதுக்கணக்கு, கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், கதை அப்புறம்.

உங்கள் ஃபண்டில் 4% வட்டி தரும் 10 ஆண்டுப் பத்திரம் ஒன்று இருக்கிறது, விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அதே அரசு புதிதாக 10 ஆண்டுப் பத்திரம் விற்க வருகிறது, 5% கொடுத்தால்தான் ஆட்கள் வாங்குகிறார்கள். இனி உங்கள் 4% பத்திரத்தை யார் 100-க்கு வாங்குவார்கள்? 92 சொச்சத்துக்கு இறக்கினால்தான் அதுவும் 5% ஈல்டு (போட்ட விலைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வருமான வீதம்) தரும். அதே பத்திரம் 30 ஆண்டுக்கானதாக இருந்தால் விலை 84.6. இரண்டே ஆண்டில் முதிர்வதாக இருந்தால் 98. ஒரே அரசு, ஒரே நாணயம், தவணை தவறும் பேச்சே இல்லை. அப்படியும் 30 ஆண்டுப் பத்திரம் வைத்திருப்பவருக்கு 15% போயிற்று.

ஆக, "தருவானா மாட்டானா" என்பது ஒரு பயம். "இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும்" என்பது வேறு பயம். நல்ல பெயர் உள்ள அரசுகளின் கடன் விஷயத்தில் சந்தை கலங்குவது பெரும்பாலும் இரண்டாவதால். ஃபண்டு என்பது தினமும் விலை போட்டுக் காட்டும் இடம், அதனால் அந்தக் கலக்கம் உடனே உங்கள் கணக்கில் தெரிகிறது.

நிலைவைப்பு எழுதியது:

கணக்கு சரி. ஆனால் அந்த 4 ஏன் 5 ஆனது என்பதைத் தாவிவிட்டீர்களே சார். வட்டியைத் தீர்மானிப்பது மத்திய வங்கி. பணவீக்கம் ஏறினால் ஏற்றும், இறங்கினால் இறக்கும். அரசு எவ்வளவு கடன் வாங்குகிறது என்பதெல்லாம் தலைப்புச் செய்திக்கு உதவும், அவ்வளவுதான்.

2022-ல் அமெரிக்காவின் முக்கியக் கடன் பத்திரக் குறியீடு சுமார் 13% விழுந்தது. அது கடன் அதிகமானதாலா? பணவீக்கமும், அதைப் பிடிக்க அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மளமளவென்று ஏற்றிய வட்டியும்தான் காரணம். ஜப்பானைப் பாருங்கள். நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அரசுக் கடன். அப்படியும் 10 ஆண்டு ஈல்டு பல ஆண்டுகளாகப் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. கடன் அதிகமானால் வட்டி ஏறும் என்பவர்கள் முப்பது வருடமாக ஜப்பானில் கையைச் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏலக்கூடம் எழுதியது:

> வட்டியைத் தீர்மானிப்பது மத்திய வங்கி.

குறுகிய கால வட்டியை மட்டும். 2022 பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை யாரும் கடன் அளவின் தலையில் கட்ட முடியாது. ஆனால் 2024 செப்டம்பர் 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஒரேயடியாக 0.50% குறைத்தது. ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 1% குறைத்துவிட்டது. 10 ஆண்டு ஈல்டு இறங்கியிருக்க வேண்டுமே? 3.65% அளவில் இருந்தது ஏறி, ஜனவரி நடுவில் 4.8%-ஐ நெருங்கியது. மத்திய வங்கி ஒரு பக்கம் இழுக்க, நீண்ட காலப் பத்திரம் எதிர்ப் பக்கம் போனது.

பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிடத் தெம்பாக இருந்தது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். மீதியை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் டேர்ம் பிரீமியம் என்பார்கள். பத்து வருடம் பணத்தை முடக்குவதற்கு, அடுத்தடுத்துக் குறுகிய காலத்துக்குக் கொடுத்து வாங்குவதைவிட எவ்வளவு கூடுதல் வேண்டும் என்று முதலீட்டாளர் கேட்கும் கூலி அது. சந்தைக்கு வரும் பத்திரங்கள் குவியக் குவிய அந்தக் கூலி ஏறும். மத்திய வங்கியால் அதை நேரடியாகத் தொட முடியாது, தானே போய்ப் பத்திரம் வாங்கினால் ஒழிய.

புதுக்கணக்கு எழுதியது:

"குவியக் குவிய" என்கிறீர்கள். உலகத்தில் பணத்துக்கா பஞ்சம்? 36 லட்சம் கோடி டாலருக்கு மேல் கடன் உள்ள அமெரிக்க அரசு இன்னும் கொஞ்சம் வாங்கினால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஏலக்கூடம் எழுதியது:

ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

அமெரிக்க அரசு 30 ஆண்டுப் பத்திரம் ஏலம் விடும் நாள். நியூயார்க் நேரம் மதியம் 1 மணிக்கு ஏலம் மூடும். இன்னும் வெளியிடாத அந்தப் பத்திரம் அதற்கு முன்பே ஒரு முன்பேர விலையில் கைமாறிக்கொண்டிருக்கும். 12:59-க்குத் திரையில் ஓர் ஈல்டு தெரியும். ஒரு நிமிடம் கழித்து முடிவு வரும். முன்பேர ஈல்டைவிட ஏல ஈல்டு கூடுதலாக வந்தால் அந்த வித்தியாசத்துக்கு டெயில் என்று பெயர். 0.01% வந்தாலே முகம் சுளிப்பார்கள். 2023 நவம்பர் 9-ல் 0.053% வந்தது. வாங்க வேண்டிய ஓய்வூதிய நிதிகளும் வெளிநாட்டினரும் ஒதுங்கிக்கொள்ள, விற்காமல் நின்ற சரக்கு, ஏலத்தில் சுமார் கால்வாசி, பிரைமரி டீலர்கள் (அரசு ஏலங்களில் நேரடியாகப் பங்கேற்கும் பெரிய நிறுவனங்கள்) தலையில் விழுந்தது. ஒரு பெரிய சீன வங்கியின் அமெரிக்கக் கிளையில் கணினித் தாக்குதல் நடந்து, பத்திரங்கள் கைமாறுவதே அந்த நேரம் சிக்கலாகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அன்று பிற்பகல் ஈல்டு எகிறியது.

ஏலத்தில் கேட்டாக வேண்டும் என்ற கடமை டீலருக்கு உண்டு, வாங்கியதை வைத்துக்கொள்ளும் ஆசை கிடையாது. எவ்வளவு சரக்கு வைத்திருக்கலாம் என்பதற்கு மூலதன விதி இருக்கிறது, வங்கியின் உள் வரம்பு இருக்கிறது. அதனால் ஏலத்துக்கு முந்தைய நாட்களிலேயே கையில் இல்லாத பத்திரத்தை முன்கூட்டி விற்றுத் தன்னைக் காத்துக்கொள்வார். அந்த விற்பனையே விலையை இறக்கும். ஏலம் நன்றாக முடிந்தால் இறங்கியது திரும்ப ஏறிவிடும். ஆனால் வாரத்துக்கு வாரம், மாதத்துக்கு மாதம் ஏலத் தொகை கூடிக்கொண்டே போனால் திரும்பி ஏற நேரமே இருக்காது. அடுத்த ஏலம் வாசலில் நிற்கும்.

2023 ஜூலை 31-ல் அமெரிக்கக் கருவூலம் அந்தக் காலாண்டுக்கு வாங்கப்போகும் கடனை 73,300 கோடி டாலரிலிருந்து சுமார் 1 லட்சம் கோடி டாலராக உயர்த்தியது. அப்போது 10 ஆண்டு ஈல்டு 4%-க்குச் சற்றுக் கீழே. அக்டோபரில் 5%-ஐத் தொட்டது. நவம்பர் 1-ல் "நீண்ட காலப் பத்திரங்களின் ஏலத்தை முன்பு நினைத்த வேகத்தில் கூட்டமாட்டோம்" என்று அறிவித்ததும் இறங்க ஆரம்பித்தது. மொத்தக் கடன் ஒரு காசு குறையவில்லை. எந்தக் காலத்துக்கு, எந்த வேகத்தில் என்பது மட்டும்தான் மாறியது.

பழைய லெட்ஜர் எழுதியது:

இந்தக் கடைசி இரண்டு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். மொத்தக் கடனைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கும், ஜப்பானைக் காட்டித் தைரியம் சொல்கிறவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. எவ்வளவு கடன் என்பதைவிட, கடைசியாக வரும் சரக்கை யார் வாங்குகிறார், அவர் விலை பார்த்து வாங்குகிறவரா என்பதுதான் கேள்வி.

நிலைவைப்பு சொன்ன ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஈல்டு பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த காலத்தில் மத்திய வங்கியே அரசுப் பத்திரங்களில் ஏறக்குறைய பாதியை வாங்கி வைத்திருந்தது. 2016 முதல் 10 ஆண்டு ஈல்டு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று கோடு போட்டு, தாண்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குவேன் என்று உட்கார்ந்திருந்தது. விலை பார்க்காத வாங்குபவர் என்றால் அதுதான். 2024 மார்ச்சில் அந்தக் கோட்டினை அழித்தார்கள், வாங்குவதையும் படிப்படியாகக் குறைத்தார்கள். 2025 மே 20-ல் 20 ஆண்டுப் பத்திர ஏலம். டெயில் 1987-க்குப் பிறகு காணாத அளவு. 30 ஆண்டு ஈல்டு 3%-ஐத் தாண்டியது, 40 ஆண்டு 3.6%-ஐத் தாண்டியது. ஜப்பானின் கடன் ஒரே இரவில் பெருகிவிடவில்லை. வாங்குபவர் மாறிவிட்டார். அடுத்த சில வாரங்களில் நிதி அமைச்சகமே மிக நீண்ட காலப் பத்திரங்களின் வெளியீட்டைக் குறைக்க வேண்டி வந்தது.

நிலைவைப்பு எழுதியது:

அப்படியானால் நான் சொன்னதும் அதுதானே? மத்திய வங்கி மனது வைத்தால் கடன் எவ்வளவு இருந்தாலும் தாங்கும். 2012-ல் ஸ்பெயின் 10 ஆண்டுக் கடனுக்கு 7.5%-க்கு மேல் கொடுத்தது. ஜூலை 26-ல் ஐரோப்பிய மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் மரியோ திராகி யூரோவைக் காப்பாற்ற எதையும் செய்வோம் என்று ஒரு பேச்சுப் பேசினார். அதன் பின் அறிவித்த திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்கவில்லை. 2014 முடியும்போது ஸ்பெயினின் ஈல்டு 2%-க்குக் கீழே. இடையில் அதன் கடன் கூடியதே தவிரக் குறையவில்லை. கடன்தான் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

பழைய லெட்ஜர் எழுதியது:

நடக்கும், பணவீக்கம் படுத்துக் கிடக்கும் காலமாக இருந்தால். 2012-14 ஐரோப்பா அப்படி. விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போது மத்திய வங்கி பத்திரம் வாங்க இறங்கினால் ஒரு கையால் தீயை அணைத்து மறு கையால் எண்ணெய் ஊற்றும் கதை.

அமெரிக்கா இதைப் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக வாங்கிய கடனின் மீது 1942 முதல் ஃபெடரல் ரிசர்வ் நீண்ட கால ஈல்டை 2.5%-க்கு மேல் போகவிடாமல் பிடித்தது. போர் முடிந்தது, கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைத் தாண்டி நின்றது, பிடி தளரவில்லை. 1947-ல் விலைவாசி 14%-க்கு மேல் ஏறியது. 2.5% வாங்கிக்கொண்டிருந்த பத்திரக்காரர் வருடத்துக்கு எவ்வளவு இழந்தார் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் தவணை தவறவில்லை, திரையில் விலையும் விழவில்லை. 1951 மார்ச்சில் கருவூலத்தோடு உடன்பாடு போட்டுத்தான் மத்திய வங்கி கழன்றுகொண்டது. சந்தை கலங்காமல் இருந்தது என்பதற்காக இழப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, நிலைவைப்பு. அது வேறு பெயரில் வந்தது.

கூப்பன்காரன் எழுதியது:

அரசுக் கடனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வியில் கம்பெனிகளும் இருக்கின்றன. என் பிழைப்பு அந்தப் பக்கம் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பெரிய கம்பெனி ஒன்று பாண்டு வெளியிடப் போகிறது என்றால் அரசுப் பத்திரச் சந்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்டு. கம்பெனியின் ஈல்டு இரண்டு துண்டு: அதே காலத்துக்கான அரசு ஈல்டு, அதற்கு மேல் கம்பெனியிடம் கேட்கும் கூடுதலான ஸ்பிரெட். வெளியீட்டுத் தேதிக்கு முன் அரசு ஈல்டு ஏறிவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம். அதனால் முன்கூட்டியே அரசுப் பத்திரத்தை விற்று வைத்து அந்த ஈல்டைப் பூட்டிக்கொள்வார்கள். வெளியீட்டை நடத்தும் வங்கிகளும் அதையே செய்யும். பாண்டு விற்றானதும் பூட்டைத் திறக்க அரசுப் பத்திரத்தைத் திரும்ப வாங்குவார்கள். ஆகவே கம்பெனிகள் வரிசைகட்டும் வாரத்தில் அரசு ஒரு பத்திரம்கூட ஏலம் விடாவிட்டாலும் அரசு ஈல்டு ஏறலாம். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை முடிந்து சந்தை திறக்கும் வாரம் வருடா வருடம் இப்படித்தான். அந்த வாரத்தில் ஈல்டு ஏறினால் அரசியல் விளக்கம் தேடுவதற்கு முன் வெளியீட்டுப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

இது போய்த் திரும்பும் அலை. தங்கும் பாதிப்பு வேறு இடத்தில்.

20, 30, 40 வருடத்துக்குக் கடன் கொடுக்கும் ஆட்கள் உலகில் அதிகம் இல்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள், அவ்வளவுதான் பெரும்பாலும். அரசும் அவர்களிடம்தான் போகிறது, கம்பெனியும் அவர்களிடம்தான் போகிறது. 2025 செப்டம்பரில் ஆரக்கிள் 1,800 கோடி டாலருக்கு வெளியிட்டது, அதில் ஒரு பகுதி 40 ஆண்டுக்கானது. அக்டோபர் கடைசியில் மெட்டா 3,000 கோடி டாலர். பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையச் செலவு. மெட்டா வெளியீட்டுக்குச் சுமார் 12,500 கோடி டாலருக்கு வாங்க ஆள் வந்தது. அதைப் பார்த்து "பணத்துக்கா பஞ்சம்" என்று புதுக்கணக்கு கேட்டதையே பலரும் கேட்டார்கள்.

ஆனால் யார் எவ்வளவு கேட்டார்கள் என்று குறிக்கும் அந்த ஆர்டர் புத்தகத்தில் எழுதியிருக்கும் தொகையை அப்படியே நம்பக் கூடாது. 10 வேண்டும் என்பவர் 40 என்று எழுதுவார், வெட்டிக் கொடுப்பார்கள் என்று தெரியும். அப்புறம் ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஒரே நிறுவனத்தின் கடன் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு. முதல் வெளியீட்டில் இடம் இருக்கும், இரண்டாவதில் இருக்கும், நான்காவதில் வரம்பு முட்டும். அதற்கு மேலும் வாங்க வைக்க வேண்டுமென்றால் ஸ்பிரெட் ஏற வேண்டும். புதுப் பாண்டு கூடுதல் ஈல்டோடு வந்தால் அதே கம்பெனியின் பழைய பாண்டு உடனே அடிவாங்கும். ஆரக்கிளின் கடன் தவறினால் இழப்பீடு தரும் காப்பீட்டு ஒப்பந்தத்தின் விலை 2025 முடிவதற்குள் 2009-க்குப் பிறகு காணாத உயரத்துக்குப் போனது. கம்பெனி திவாலாகும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் எவ்வளவு கடன் வரப்போகிறதோ என்ற எண்ணம்தான் பெரிதாக வேலை செய்தது.

இதில் உண்மையாகவே மாட்டிக்கொள்வது வரிசையின் கடைசியில் நிற்கும் சாதாரண கம்பெனி. அரசு தேவைப்பட்டால் 5% கொடுக்கும், பெரிய கம்பெனி 5.5% கொடுக்கும், இருவரும் தாங்குவார்கள். ஐந்து வருடத்துக்கு முன் 3%-க்கு வாங்கிய கடன் இந்த வருடம் முதிர்கிற நடுத்தர கம்பெனி அதைப் புதுப்பிக்கப் போனால் 8% கேட்பார்கள். அதன் லாபம் முழுக்க வட்டிக்கே போகும். அந்தக் கம்பெனி எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது.

சும்மாவந்தவன் எழுதியது:

"கொஞ்சம் நீட்டுகிறேன்" என்றார். 40 ஆண்டுப் பத்திரம் அளவுக்கு நீட்டிவிட்டார். ஆனால் படித்தேன்.

புதுக்கணக்கு எழுதியது:

கூப்பன்காரன் சார், நன்றி. ஒன்று கேட்கட்டுமா? அரசு ஈல்டும் ஏறுகிறது, ஸ்பிரெட்டும் ஏறுகிறது என்கிறீர்கள். ஆனால் சில நாட்களில் அரசு ஈல்டு ஏறி ஸ்பிரெட் குறைந்தது என்று படிக்கிறேன். இரண்டும் எப்படி?

கூப்பன்காரன் எழுதியது:

கம்பெனிகளைவிட அரசு வேகமாகக் கடன் வாங்கினால் அப்படி ஆகும். ஸ்பிரெட் என்பது வித்தியாசம்தானே, அடியில் இருப்பது ஏறினாலும் இடைவெளி குறையும். 2025 செப்டம்பரில் பிரான்சில் அரசு கவிழ்ந்து தர மதிப்பீடும் இறங்கியபோது, அந்நாட்டின் பெரிய கம்பெனிகள் சிலவற்றின் பாண்டு ஈல்டு அரசு ஈல்டைவிடக் குறைவாக இருந்தது. பழைய பாடப் புத்தகத்தில் அப்படி நடக்கவே நடக்காது. ஸ்பிரெட் குறுகியிருப்பதைக் காட்டிக் கம்பெனிகள் திடமாக இருக்கின்றன என்று விற்பனையாளர் சொன்னால், அரசுப் பத்திரம் இளைத்ததால் குறுகியதா என்று கேட்டுவிடுங்கள்.

பழைய லெட்ஜர் எழுதியது:

இதுவரை பேசியது விலை மெதுவாக இறங்கும் கதை. சந்தை கலங்குவது என்று நான் சொல்வது வேறு: ஈல்டு ஏறுவதே இன்னும் ஏறக் காரணமாகிவிடும் நிலை.

2022 செப்டம்பர் 23, பிரிட்டன். நிதி அமைச்சர் க்வாசி க்வார்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார். பணம் எங்கிருந்து வரும் என்றால், கடன். வழக்கமாக வெளியிடும் சுயாதீன நிதி மதிப்பீடும் உடன் வரவில்லை. ஈல்டு ஏற ஆரம்பித்தது. அதுவரை இது சாதாரணக் கோபம்தான்.

அங்கே ஓய்வூதிய நிதிகள் நீண்ட கால அரசுப் பத்திரங்களைக் கடன் வாங்கிய பணத்தில் வாங்கி வைத்திருந்தன. பத்திரத்தை அடமானம் வைத்துப் பணம், அந்தப் பணத்தில் மறுபடி பத்திரம். விலை விழுந்ததும் அடமானம் போதவில்லை, இன்னும் பணம் வை என்று அழைப்பு வந்தது. பணத்துக்கு எங்கே போவார்கள்? கையில் இருக்கும் பத்திரத்தை விற்றார்கள். விற்றதால் விலை இன்னும் விழுந்தது, மறுபடி அழைப்பு. சில நாட்களில் 30 ஆண்டு ஈல்டு 3.7% அளவிலிருந்து 5%-ஐத் தாண்டியது. 28-ஆம் தேதி இங்கிலாந்து வங்கி 6,500 கோடி பவுண்டு வரை வாங்கத் தயார் என்று இறங்கியது. அன்று ஒரே நாளில் 30 ஆண்டு ஈல்டு 1%-க்கு மேல் இறங்கியது. கடைசியில் உண்மையாக வாங்கியது 1,930 கோடி பவுண்டு. பிரதமர் லிஸ் டிரஸ் அக்டோபர் 20-ல் விலகலை அறிவித்தார்.

நிலைவைப்பு எழுதியது:

இதில் குற்றவாளி அந்த ஓய்வூதிய நிதிகளின் அடமான ஏற்பாடு. கடன் அறிவிப்பு ஒரு சாக்கு. நிதிகள் கடனில் பத்திரம் வாங்காமல் இருந்திருந்தால் ஈல்டு அரை சதவீதம் ஏறி நின்றிருக்கும். கேள்வி "அதிகக் கடன் சந்தையைக் கலக்குமா" என்பது. நீங்கள் காட்டுவது "அடமானக் கடன் சந்தையைக் கலக்கும்" என்பதை.

ஏலக்கூடம் எழுதியது:

இரண்டையும் பிரிக்க முடியாது என்பேன். பத்திரம் குவியும்போது அதைச் சுமக்க ஆள் வேண்டும். மத்திய வங்கி விலகிக்கொண்டது: 2022-ல் ஏறக்குறைய 9 லட்சம் கோடி டாலர் சொத்து வைத்திருந்த ஃபெடரல் ரிசர்வ், உச்ச கட்டத்தில் மாதம் 6,000 கோடி டாலர் வரை அரசுப் பத்திரங்கள் முதிர்ந்து கழிய விட்டது. டீலர்களுக்கு வரம்பு. மிச்சம் யார்? கடன் வாங்கித் துணிந்து முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டுகள். அவர்கள் பத்திரத்தை வாங்கி, அதன் ஃபியூச்சர்ஸை (பின்னொரு தேதியில் கொடுப்பதற்கான ஒப்பந்தத்தை) விற்று, நடுவில் இருக்கும் துளி வித்தியாசத்தைச் சம்பாதிக்கிறார்கள். துளி என்பதால் ரெப்போவில், அதாவது பத்திரத்தை அடமானம் வைத்துக் குறுகிய காலத்துக்கு, பல மடங்கு கடன் வாங்கித்தான் செய்ய முடியும். அரசு அதிகம் விற்க விற்க இந்த வித்தியாசம் பெருகும், இவர்கள் கூடுதலாக வருவார்கள். அரசுக் கடனைச் சுமப்பதே இன்னொரு கடன் என்றாகிவிடுகிறது. 2020 மார்ச்சில் இது அவிழ்ந்தபோது, உலகமே பயந்து பாதுகாப்பைத் தேடிய நாட்களில் அமெரிக்க அரசுப் பத்திரத்தின் விலை விழுந்தது. ஃபெடரல் ரிசர்வ் சில வாரங்களிலேயே சுமார் 1 லட்சம் கோடி டாலருக்கு வாங்கித்தான் நிறுத்த முடிந்தது. அடமானச் சுமை வானத்திலிருந்து குதித்ததல்ல சார், சரக்கு குவிந்ததால் வந்து சேர்ந்தது.

நிலைவைப்பு எழுதியது:

2020-ஐப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டன் விஷயத்தில் இல்லை. அந்த நிதிகள் அடமானத்தில் இறங்கியது சரக்கு குவிந்ததால் இல்லை, பல ஆண்டுகள் ஈல்டு தரையில் கிடந்ததால். தங்கள் கடப்பாட்டுக்கு ஈடுகொடுக்க வேறு வழி இல்லாமல் போனார்கள். மலிவான பணத்தின் பழைய பாவம் அது.

ஜெர்மனியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ நிதி, பாதுகாப்புச் செலவுக்குக் கடன் வரம்பில் விலக்கு என்று அறிவித்தார்கள். 10 ஆண்டு ஈல்டு ஒரே நாளில் 0.30% அளவு ஏறியது, 1990-க்குப் பிறகு அப்படி ஒரு நாள் இல்லை. ஆனால் யாரும் பதறவில்லை, அமைச்சர் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வளர்ச்சி வரும் என்று பங்குகள்கூட ஏறின. கடன் அறிவிப்பு என்றாலே கலக்கம் என்பது பொய்.

ஏலக்கூடம் எழுதியது:

ஜெர்மனியின் கடன் உற்பத்தியில் 60 சொச்சம் சதவீதம்தான். செலவு எதற்கு என்றும் சொன்னார்கள். ஈல்டு ஏறியது விலை மாற்றம், கலக்கம் இல்லை. அந்த வேறுபாட்டில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். பிரிட்டன் பற்றி நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விட்டுவிடுவோம்.

புதுக்கணக்குக்காக ஒன்று. இப்போது பல அரசுகளும் நீண்ட காலப் பத்திரத்தைக் குறைத்துக் குறுகிய காலத்துக்குத் தாவுகின்றன. ஜப்பான் செய்தது, பிரிட்டன் செய்தது. அமெரிக்காவின் சந்தைக் கடனில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஓராண்டுக்குள் முதிர்கிறது. இதனால் 30 ஆண்டு ஏலத்தில் அழுத்தம் தணியும். பதிலாக, பழைய மலிவுக் கடன் முதிர்ந்து இன்றைய வட்டிக்கு மாறுவது வேகமாகும். வட்டிச் செலவு கூடும், அந்த வட்டியைக் கட்டவே கடன், அது மறுபடி ஏலத்துக்கு. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசின் நிகர வட்டிச் செலவு பாதுகாப்புச் செலவைத் தாண்டியது.

புதுக்கணக்கு எழுதியது:

இவ்வளவும் படித்தபின் என் ஃபண்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கூப்பன்காரன் எழுதியது:

மாதாந்திர அறிக்கையில் மாடிஃபைட் டூரேஷன் என்று ஓர் எண் இருக்கும். 7 என்று இருந்தால், ஈல்டு 1% ஏறினால் மதிப்பு ஏறக்குறைய 7% இறங்கும், 1% இறங்கினால் அதே அளவு ஏறும். அதற்குப் பக்கத்திலேயே ஃபண்டின் ஈல்டு இருக்கும். ஈல்டு 7%, டூரேஷன் 7 என்றால் ஒரு வருடத்தில் 1% ஏற்றத்தை வட்டி வருமானமே ஈடுகட்டிவிடும். ஈல்டு 2%, டூரேஷன் 9 என்ற ஃபண்டுகளை வைத்திருந்தவர்கள்தான் 2022-ல் அலறினார்கள். பணம் எப்போது வேண்டும் என்பதைவிட டூரேஷன் பெரிதாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் நீங்கள் சுமக்கும் ஆபத்து.

புதுக்கணக்கு எழுதியது:

பார்த்தேன். டூரேஷன் 8.4. பாதிப் பணம் இரண்டு வருடத்தில் தேவைப்படும், அதைக் குறுகிய கால ஃபண்டுக்கு மாற்றலாம் என்று இருக்கிறேன். மீதியை அப்படியே விடுகிறேன்.

நிலைவைப்பு எழுதியது:

மாற்றுவதற்கு முன் வெளியேறும் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருத்து வேறுபாடு இல்லாத விஷயம் இது ஒன்றுதான் இங்கே.